செல்லம்மாள் பேர் வெட்டிய பானை

1

பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். உள்ளதைச் சொன்னால் என்ன சண்டை? பாரிசுக்கு வடக்கே இந்தப் புறநகருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதில் இருபத்தைந்து வருடமாகக் கலாவைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன். முதல் வருடம் அவள் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கலாவும் நானும் காரைக்காலில் ஒரே பள்ளிக்கூடம். அவள் கோட்டுச்சேரி, நான் போலகம். அவள் வடக்கேயிருந்து பஸ்ஸில் வருவாள், நான் தெற்கேயிருந்து வருவேன். பிரெஞ்சுக்காரன் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போன காலத்தில், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவர் அவளுடைய தாத்தா. என் தாத்தாவையும் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். "அறுப்பு முடியட்டும்" என்றாராம். அறுப்பு முடிந்தது, கெடுவும் முடிந்தது. அதனால் கலா பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரி. நான் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, நேர்முகத்தில் திக்கித் திணறி ஆனவள். அந்த நேர்முகத்தில் அதிகாரியை 'நீங்கள்' என்பதற்குப் பதில் 'நீ' என்றே கடைசிவரை பேசியிருக்கிறேன். வெளியே வந்த பிறகுதான் வீட்டுக்காரர் சொன்னார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கலாவுக்குத் தோட்டம் வைத்த வீடு. எனக்கு நாலாவது மாடி. அவள் மகன் டாக்டருக்குப் படித்தான். நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தலைக்கு வலை மாட்டிக்கொண்டு காலை ஆறரைக்குக் கேரட் சீவுகிறேன். இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவளுடைய அம்மா அவளோடு இருப்பது.

போன மே மாதம் எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கலா ஒரு செய்தி போட்டாள். ஜூன் முதல் சனிக்கிழமை அவள் வீட்டில் விருந்து. வருடா வருடம் நடப்பதுதான். அவள் அம்மா செல்லம்மாள் பிரான்சுக்கு வந்து சேர்ந்த நாளை அவள் ஒரு பண்டிகையாகவே ஆக்கிவைத்திருக்கிறாள். இந்தத் தடவை ஒன்பதாவது வருடமாம்.

"பூ வேணாம், வைன் வேணாம், ஸ்வீட் டப்பா வேணவே வேணாம். பழைய காரைக்கால்தான் இந்த வருசத்து விசேஷம். ஊரு சரித்திரம் உள்ள பொருளா ஒன்னு கொண்டாங்க. அத ஏன் கொண்டாந்தீங்கன்னு எழுந்து நின்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். அம்மா கேட்டு சந்தோசப்படுவாங்க."

அம்மா கேட்டு சந்தோசப்படுவாங்க. இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

2

என் அம்மாவை இங்கே கூட்டிவர இரண்டு தடவை முயன்றேன்.

முதல் தடவை, சென்னையில் விசா மனு வாங்கும் இடத்தில் அம்மாவின் விரல் ரேகை மிஷினில் விழவில்லை. துடைத்துப் பார்த்தார்கள், ஈரம் தொட்டு வைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்தார்கள். ஒரு மணி நேரம் போராடி நாலு விரல்தான் தேறியது. அம்மா அந்தப் பெண்ணிடம் சொன்னாராம்: "அறுவது வருசம் நாத்து நட்ட கையி தாயி. ரேகைய எங்க ஊரு சேத்துலதான் போயித் தேடணும்."

இருபது நாள் கழித்துப் பாஸ்போர்ட்டோடு ஓர் அச்சடித்த தாள் வந்தது. வரிசையாகக் காரணங்கள் போட்டுப் பக்கத்தில் கட்டம் இருக்கும். ஒரு கட்டத்தில் மட்டும் டிக். விசா முடிவதற்குள் இவர் நாடு திரும்புவார் என்று நம்ப முடியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அம்மாவுக்குப் போனில் படித்துச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நான் திரும்பி வரமாட்டேன்னு அவனுக்கு யாரு சொன்னா? வரலன்னா என் நெல்லை யாரு அறுப்பா? மாட்டுக்குத் தண்ணி காட்ட அவன் வருவானா?"

இரண்டாவது தடவை பட்டா, வங்கிப் புத்தகம், பஞ்சாயத்துக் கடிதம் எல்லாம் வைத்தோம். மாட்டின் போட்டோவையும் வைக்கலாமா என்று அம்மா கேட்டார். அதே தாள் வந்தது, அதே கட்டத்தில் டிக். மூன்றாவது தடவை நான் பேச்செடுத்தபோது, "போதும்டி. திருப்பித் திருப்பிக் கேக்க நான் என்ன அவன் வீட்டுல பொண்ணா கேக்குறேன்?" என்று முடித்துவிட்டார்.

செல்லம்மாள் பெரியம்மாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. புருஷன் வழியில் அவரும் பிரெஞ்சுப் பிரஜை. புருஷன் போன மறு மாதம் கலா டிக்கெட் எடுத்தாள், அவர் ஏறி வந்துவிட்டார். விமான நிலையத்தில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர்கள் வரிசையில் நின்று, ஒரு கேள்வி இல்லாமல் வெளியே வந்தார். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. கையில் ஒரு வெண்கலப் பானை. வரவேற்கப் போனவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும். பானையைப் பெட்டியில் போட்டால் நசுங்கும் என்று காரைக்காலிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். கலா அம்மாவைக் கட்டிக்கொண்டபோது நடுவில் பானை இடித்தது. எல்லாரும் சிரித்தோம். நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

3

சரித்திரம் உள்ள பொருளுக்கு நான் எங்கே போவேன்? பிரெஞ்சுக்காரனிடம் வேலை பார்த்த குடும்பங்களில் தொப்பி இருக்கும், மெடல் இருக்கும், முத்திரை குத்திய காகிதம் இருக்கும். எங்கள் வீட்டில் சரித்திரம் என்றால் மண்வெட்டி. அதுவும் பிடி மாற்றி, இலை மாற்றி, பழையது எது என்று சொல்ல முடியாதது.

திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஒரு யோசனை வந்தது. கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து எடுத்துக்கொண்டு போய், "இதைவிடப் பழைய சரித்திரம் நம்ம பக்கத்துல ஏது?" என்று நீட்டலாம். சனி பகவானை நினைத்து எள் கொடுத்தால் ஊர்க்காரி எவளும் கைநீட்டமாட்டாள். கலாவின் முகத்தைக் கற்பனை செய்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். செய்யவில்லை. நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் அகல்யா வேறு ஊரில் படிக்கிறாள், மாதம் ஒரு முறை வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். காரைக்காலின் பழைய வரைபடம் ஒன்றை அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். இணையத்தில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. அதில் போலகம் இல்லை. கோட்டுச்சேரி இருந்தது. வேண்டாம் என்றேன்.

கலா இருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை போடுவார்கள். நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதால் குத்துவிளக்கு, இட்லித் தட்டு என்று ஏதாவது அங்கே கண்ணில் படும். அங்கே போனேன். வீடு காலி செய்பவர்களின் சாமான்களை மொத்தமாக அள்ளி வந்து விற்கும் ஓர் ஆள், தரையில் போர்வை விரித்துக் கடை பரப்பியிருந்தான். உடைந்த கடிகாரம், பீங்கான் நாய், அதற்குப் பக்கத்தில் ஒரு வெண்கலப் பானை. அதற்குள் காய்ந்த பூங்கொத்தைச் செருகி வைத்திருந்தான்.

"மொரோக்கோ, மேடம். ரொம்பப் பழசு" என்றான்.

நான் பூவை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பானையைத் திருப்பினேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளி வைத்து வெட்டிய எழுத்து. விசேஷ வீடுகளுக்கு இரவல் போகும் பாத்திரம் மாறிவிடாமல் இருக்கப் பேர் வெட்டுவோம் இல்லையா, அது. கல்யாணச் சீருக்கு வாங்கும்போதே பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கொடுத்து வெட்டிவிடுவார்கள்.

கோட்டுச்சேரி செல்லம்மாள்.

4

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. குழந்தை பிறந்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததா என்று சந்தேகம்.

ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கலாவின் சமையலறையில் இருப்பது கண்ணாடி மாதிரி வழவழப்பான இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் வெண்கலம் சூடாகாது. பானையைக் கொண்டுபோய்க் 'காவ்' என்று இவர்கள் சொல்லும் நிலவறையில் போட்டிருக்கிறாள். பிறகு நிலவறையையும் காலி செய்துவிட்டாள். அம்மா மடியில் வைத்து எட்டாயிரம் கிலோமீட்டர் சுமந்துவந்த சீர்ப் பானையைக் குப்பையோடு குப்பையாக அள்ளிக் கொடுத்துவிட்டாள்! அம்மாவை வைத்து வருடா வருடம் விழா எடுக்கிறவள்! அம்மா கேட்டு சந்தோசப்படுவாங்களாம்!

பேரம் பேசாமல் வாங்கினேன். பை கனத்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன்.

புளி போட்டுத் தேய்த்தேன். கை ஓயத் தேய்த்தேன். எழுத்து பளிச்சென்று தெரியவேண்டும் அல்லவா? வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பேரைப் படித்து, "வேணாம். அவங்க வீட்டு விஷயம் அது. தனியாக் கூப்பிட்டுக் கொடுத்துடு" என்றார். அகல்யா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "அம்மா, இது பரிசா, பழிவாங்கலா?" என்றாள். வழக்கம்போல் பிரெஞ்சில்தான். ஆனால் அவள் கேட்டதில் எனக்கு எல்லா வார்த்தையும் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். விருந்துக்கு ஒரு பானை கொடுக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"பாத்திரத்த வெறுமையாக் கொடுக்காத. ஒரு படி பச்சரிசி போட்டு, அச்சுவெல்லம் ஒன்னு, மஞ்சக்கெழங்கு ஒன்னு வச்சுக் கொடு. கொடுக்குற கையி சுத்தமா இருக்கணும்" என்றார்.

கையைச் சுத்தமாகத்தான் கழுவியிருந்தேன்.

5

ஜூன் மாதத்தில் இங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெயில் இருக்கும். கலாவின் தோட்டத்தில் நீளமாக மேசை போட்டிருந்தாள். செல்லம்மாள் பெரியம்மாவுக்கு மேசைத் தலைமாட்டில் நாற்காலி. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ். எண்பது தாண்டிவிட்டது, பார்வை மங்கல். ஒவ்வொருவரும் குனிந்து பேர் சொன்னால்தான் தெரியும்.

"போலகத்துக்காரியா? ஒங்கம்மா நல்லாருக்காளா? நெலத்துக்கு இன்னும் போறாளா?"

"போறாங்க பெரியம்மா. சொன்னா கேக்கமாட்டேங்குறாங்க."

"ஏன் கேக்கணும்?" என்றார்.

அதற்கு மேல் அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை. பரிசுப் படலம் ஆரம்பித்துவிட்டது. ஒருவர் துறைமுகத்தின் பழைய தபால் அட்டை கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் தன் தாத்தாவின் பட்டாளத்து மெடல். ஒரு தம்பதி முத்திரை குத்திய பிரெஞ்சுக் காலத்துப் பத்திரத்தைச் சட்டம் போட்டு வந்திருந்தார்கள். எல்லாருடைய சரித்திரத்திலும் பிரெஞ்சுக்காரன் கட்டாயம் இருந்தான். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். ஒவ்வொன்றையும் கலா அம்மாவின் கையில் கொடுத்துக் காதில் விளக்கம் சொன்னாள். பெரியம்மா தடவிப் பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மகள் அம்மாவின் காதருகே குனிவதையும், அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொள்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கொஞ்சம் நஞ்சம் இருந்த தயக்கமும் போய்விட்டது.

என் முறை வந்தது. பையிலிருந்து பானையை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேர் கலாவைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தேன்.

கலாவின் முகம் வெளுத்தது. "இது எப்படிடி ஒங்கிட்ட?" என்றாள்.

அதற்குத்தான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். "சரித்திரம் உள்ள பொருளக் கொண்டாரச் சொன்னா கலா. இதுவும் சரித்திரந்தான். இந்த ஊரு ஞாயித்துக்கிழமைச் சந்தையில, தரையில கெடந்துச்சு. மொரோக்கோ பானைன்னு வித்தான். திருப்பிப் பாத்தா நம்ம செல்லம்மா பெரியம்மா பேரு வெட்டியிருக்கு."

யாரும் கை தட்டவில்லை. மெடல் கொண்டுவந்தவர் தன் தட்டைப் பார்த்தார். கலா, "இல்லடி, அது கீழ காவ்ல இருக்கு... நான் போடல... சத்தியமா நான் போடல..." என்று தடுமாறினாள். அவள் தடுமாறத் தடுமாற எனக்கு உள்ளே குளிர்ந்தது. இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

பெரியம்மா கையை நீட்டினார். யாரோ பானையை நகர்த்திக் கொடுத்தார்கள். கட்டை விரலால் கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்து, புள்ளி எழுத்து தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினார்.

"அவள ஏன் கேக்குறீங்க? நான்தான் தூக்கிக் கொடுத்தேன்" என்றார்.

"எப்பம்மா?" என்றாள் கலா.

"நீ வேலைக்குப் போயிருந்தப்ப. கீழ காலி பண்ண ஆளு வந்தான்ல, பழைய மிஷினு எடுக்க. அவங்கிட்ட இதையும் எடுத்துக்கன்னு கையைக் காட்டினேன்."

"ஏம்மா? சீர்ப் பானையாச்சே!"

"ஊருக்குப் போவயில எடுத்துட்டுப் போவலாம்னுதான் வச்சிருந்தேன். அடுத்த வருசம், அடுத்த வருசம்னு நீயுந்தான் சொன்ன, ஒம்பது வருசம் ஆச்சு. வீட்டையும் வித்தாச்சு. இனிமே போவப்போறதில்லன்னு ஆனப்புறம் அது கீழ இருட்டுல குந்திக்கிட்டு என்ன பண்ணும்? பாக்குறப்பல்லாம் எப்பப் போறோம்னு கேக்குது." கோபமாகச் சொல்லவில்லை. பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு பானை வாயில் நான் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உள்ளே கைவிட்டார். அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்தார். "பச்சரிசி. போலகத்துக்காரி வெறும் பானை கொண்டாரல, பாத்தீங்களா?" என்றார் எல்லாரையும் பார்த்து.

நான் எப்போது உட்கார்ந்தேன் என்று ஞாபகம் இல்லை.

6

சமையலறையில் கலா அந்த வழவழப்பான அடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று அழுதுகொண்டிருந்தாள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன்.

"திருப்திதானேடி ஒனக்கு?" என்றாள், திரும்பாமல்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அது பாதிப் பொய்யாக இருந்திருக்கும்.

"ஒனக்கு எம்மேல எரிச்சல்னு தெரியும். பள்ளிக்கூடத்துலேருந்து தெரியும். வீட்டுக்கு, காருக்குன்னு நெனச்சேன்."

"அதுக்கெல்லாம் இல்ல. ஒங்கம்மா ஒங்கூட இருக்காங்கல்ல, அதுக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையைவிட அது பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"எங்கம்மா தெனமும் யார நெனச்சுப் பொறாமைப்படுறாங்க தெரியுமா? ஒங்கம்மாவ. 'போலகத்துக்காரி இந்நேரம் வயலுக்குப் போயிட்டு வந்து வாசல்ல கை காலு கழுவுவா'ம்பாங்க. காலையில நான் வேலைக்குப் போவயில சொல்லுவாங்க. அதக் கேட்டுட்டுத்தான் தெனம் கதவப் பூட்டிட்டுப் போறேன். அங்க அனுப்பி யாருகிட்ட விடச் சொல்ற? ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா?"

தோட்டத்தில் யாரோ பெரியம்மாவுக்காகப் பழைய பாட்டு போட்டார்கள். அவர் நிறுத்தச் சொல்வது சமையலறை வரை கேட்டது.

கிளம்பும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத ஒங்கம்மாகிட்ட கொண்டு போயிக் கொடு. அவ அடுப்புல பொங்கட்டும்" என்றார். பையில் அதே பானை, அதே அரிசி. பரிசு கொடுக்கப் போனவள் அதையே சுமந்துகொண்டு திரும்பினேன்.

7

மறுநாள் போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் புத்தியையும் சேர்த்துத்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"நான் என்னமோ செல்லம்மாக்கா கொடுத்து வச்சவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மவ கையால சாப்புடுறான்னு" என்றார்.

"பானைய நீ வச்சுக்கிறியாம்மா? டிசம்பர்ல வர்றப்பக் கொண்டாரேன்."

"அடுத்தவ பேரு வெட்டுன பானையில நான் எதுக்குடி பொங்கணும்? எங்கிட்ட பானை இல்லையா? கொண்டாரதுன்னா அவளையும் சேத்துக் கொண்டா."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குச் சொல்லல. எதுத்த அறை சும்மாத்தான் கெடக்கு. ஒன்னு ஆச்சுன்னா நான் இருக்கேன். எனக்கு ஒன்னு ஆச்சுன்னா அவ இருக்கட்டும்."

கலாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அவள் யோசிக்க ஒரு மாதம் ஆனது. பெரியம்மா யோசிக்கவே இல்லை. அன்று மாலையே ஸ்வெட்டர்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டார், இனி தேவைப்படாது என்று.

பிறகு காகிதம். என் அம்மாவைப் பிரான்ஸ் உள்ளே விடவில்லை என்றால், செல்லம்மாள் பெரியம்மா கோட்டுச்சேரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள போலகத்தில் போய் உட்கார இந்தியாவிடம் அட்டை வாங்கவேண்டும். ஓசிஐ அட்டை, வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்ட இந்திய வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுப்பது. இந்திய வம்சாவளி என்பதற்குச் சான்று கேட்டார்கள். "பானையக் காட்டினா ஆவாதா?" என்று கேட்டார் பெரியம்மா. ஆகவில்லை. காரைக்காலிலிருந்து பிறப்புப் பதிவு நகல் வரவழைத்து, அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்புக்கு முத்திரை வாங்கி, போட்டோவில் பொட்டு தெரிகிறது, காது தெரியவில்லை என்று மூன்று தடவை படம் எடுத்து, நவம்பரில் அட்டை வந்தது. கலாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன்.

விமான நிலையப் பரிசோதனையில் பானையைத் திறந்து பார்த்தார்கள். அந்தப் பெண் அதிகாரி இது என்ன என்று கேட்டாள். நான் பிரெஞ்சில் வார்த்தை தேடுவதற்குள் பெரியம்மா தமிழிலேயே பதில் சொன்னார்: "சோறு வடிக்கிறது." அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, போகச் சொல்லிவிட்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கலா நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. இனிமேல் அவளும் மாலையில் அம்மா இல்லாத வீட்டைத் திறப்பாள். அவளும் வாரம் ஒரு முறை போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்து என்ன பேசுவது என்று தேடுவாள். சமமாகிவிட்டோம் என்று ஒரு நினைப்பு எனக்குள் எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் எட்டிப் பார்த்தது நிஜம்.

போலகத்தில் இரண்டு பேரும் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. "வாங்கக்கா. பானைய அந்தப் பக்கம் வைங்க, நடுவுல வழி" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

பொங்கலன்று வாசலில் இரண்டு அடுப்பு, இரண்டு பானை. அவரவர் பேர் வெட்டிய பானையில் அவரவர் பொங்கல். ஒரே நேரத்தில்தான் பால் பொங்கியது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஆனால் யாருடையது முதலில் பொங்கியது என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

8

நான் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. மறுபடி தலைக்கு வலை, கேரட், விடியற்காலைப் பஸ். பெரியம்மா மார்ச் மாதம் திரும்புவதாகத்தான் டிக்கெட். அதை மாற்ற முடியுமா என்று போன வாரம் கேட்டாராம். எதுவரை என்று கலா கேட்டதற்கு, "நெல்லு அறுத்தாச்சு. உளுந்து எடுக்கட்டும்" என்றாராம். விசாத் தாளில் டிக் போட்டவன் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறான். திரும்பி வரமாட்டார் என்று இவரைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். நான்கு தடவை அடித்து நின்றது. மறுபடி போட்டபோது எடுத்தார். பின்னால் செல்லம்மாள் பெரியம்மாவின் சிரிப்பு. ஒன்பது வருடத்தில் கலாவின் தோட்டத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டிராத சிரிப்பு.

"என்னம்மா, என்ன சிரிப்பு?"

"ஒன்னுமில்லடி. இந்தக்கா ஒரு கத சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒனக்குச் சொன்னா வெளங்காது. அப்புறம் பேசு."

வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நாலாவது மாடி சன்னலருகே நின்றேன். எந்தக் கதை? எனக்கு ஏன் விளங்காது? என் அம்மா, அவர் சிரிப்பதற்கு நான் வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதா? வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. இந்தத் தடவை கலாவைப் பார்த்து இல்லை. எண்பது வயதுக் கிழவியைப் பார்த்து.

கொஞ்ச நேரத்தில் கலா கூப்பிட்டாள்.

"ஒனக்காவது எடுத்தாங்களாடி?"

"எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அப்புறம் பேசுன்னாங்க."

"எனக்கு அதுகூடச் சொல்லலடி" என்றாள்.

அந்த எரிச்சலைக் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் என் வீட்டில் புழங்கிய சாமான். பேர் வெட்டியிருக்காவிட்டாலும் எனக்கு அடையாளம் தெரியாதா?

"எங்க இருக்க?" என்றேன்.

"வீட்டுலதான். வேற எங்க போவேன்?"

"உலை வையி. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். கதவைப் பூட்டப் போனவள், திரும்பி வந்து ஒரு டப்பாவில் பச்சரிசி போட்டுக்கொண்டேன்.